முப்பத்தொன்றாம் சாறு

செவ்வாய்க்கிழமை, மத்தியானம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. வழக்கமாக நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்குவேன். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் யார் என்பதும் தெரியும்.

இதைக் கொண்டுவருபவர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு உங்கள் ஊரிலிருந்து இலை மூட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர். போன மாதம் அந்தச் சின்னக் குப்பியை உன் கையில் கொடுத்தாரே, அவரேதான். அவர்மேல் கோபப்படாதே. உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. உறைக்குள் இந்தக் கடிதம் தவிர இன்னும் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று எங்கள் ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடம் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தது. இன்னொன்று உன் கண் டாக்டருக்கு நான் எழுதியது. மேலே படிப்பதற்கு முன்னால் அந்த இரண்டையும் உன் கைப்பையில் வைத்துவிடு. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவை உன்னிடம் இருக்க வேண்டும். வைத்துவிட்டாயா? இனி படி.

நேற்று போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை. நான் "அக்கா, அந்தக் குப்பி" என்று ஆரம்பித்ததும், "எந்தக் குப்பி? அத எப்பவோ தூக்கிப் போட்டுட்டேன். உன் வேலை போயிடும். பேசாம இருடி வாயாடி" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவள் நீ. நேற்று முதல் தடவையாக அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி பேசப் பார்த்தேன். நீ விடவில்லை. ஆகவே எழுதுகிறேன். எழுத்தில் நீ என்னை இடைமறிக்க முடியாது.

முதலில் என் வேலையைப் பற்றி உனக்கு எழுதியதில் எவ்வளவு பீற்றல் என்று சொல்லிவிடுகிறேன். வைரஸ் ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்று எழுதினேன். நான் அங்கே பாட்டில் கழுவுகிறேன், அக்கா. பின்பக்க அறையில் இரண்டு தொட்டிகள், கண்ணாடிச் சாமான்களை நீராவியில் வேகவைக்கும் ஒரு பெரிய இரும்புப் பெட்டி, ஈரம் காயவைக்கும் ஒரு அலமாரி. அதுதான் என் இடம். காலை எட்டு மணிக்குக் கையுறை மாட்டினால் மாலை ஐந்துக்குத்தான் கழற்றுவேன். நீ உன் பள்ளிக்கூட வேன் பிள்ளைகளிடம் "என் தங்கச்சி விஞ்ஞானி" என்று சொல்லிவைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதே திருத்தியிருக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. விட்டுவிட்டேன்.

முன்னறையில் நடப்பது இதுதான். ஆறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டுகளில் உயிருள்ள செல்களை வளர்ப்பார்கள். குரங்கின் சிறுநீரகத்திலிருந்து என்றோ எடுத்து, அன்றுமுதல் வளர்த்துக்கொண்டே வருகிற செல்களாம். அவற்றின் மேல் ஹெர்பிஸ் வைரஸை விடுவார்கள். உனக்கும் எனக்கும் உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் போட்டு, எரிந்து, பொருக்குத் தட்டுகிறதே, அதைக் கொண்டுவருவது இந்த வைரஸ்தான். பிறகு ஏதாவது ஒரு இலையின் சாற்றை விட்டு மூன்று நாள் வைப்பார்கள். ஒவ்வொரு சாற்றுக்கும் ஒரு எண். கடைசியில் வைரஸைச் சாகடித்துவிட்டு ஊதாச் சாயம் ஊற்றுவார்கள். அந்தச் சாயத்தைக் குழாயடியில் அலசுவது என் வேலை. செல் இருக்கிற இடம் ஊதாவாக நிற்கும். வைரஸ் தின்ற இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், பூச்சி அரித்த துணி மாதிரி. கண்ணாடி அண்ணன் அந்தப் புள்ளிகளை எண்ணி நோட்டில் எழுதுவார். அவர் ஆராய்ச்சி மாணவர். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டு மூன்றாவதைத் தேடுகிறவர்.

ஒருநாள் நான் அலசிக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து நின்று, "புள்ளி கம்மியா இருந்தா சாறு வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா. புள்ளியே இல்லேன்னா நமக்குக் கொண்டாட்டம்தான்" என்றார். ஒரு வருடத்தில் அந்த வேலையைப் பற்றி என்னிடம் யாரும் சொன்னது அவ்வளவுதான். நானும் அவ்வளவோடு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் கடிதம் வந்தது. உதட்டில் மறுபடி வந்திருக்கிறது, மாமியார் உன் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கிறார், வேனில் ஏற்றிவிட வந்த ஒரு பிள்ளையின் அம்மா "இது ஒட்டுற வியாதிதானே? பிள்ளைங்க வண்டி ஓட்டறவங்களுக்கு இது இருக்கலாமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் என்று எழுதியிருந்தாய். "நானும் கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு ஓட்டறேன், வங்கிக் கொள்ளைக்காரி மாதிரி" என்று வேடிக்கையாகத்தான் முடித்திருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாவதில் எனக்கு உதடு முழுக்க வந்தபோது பக்கத்தில் இருந்தவள் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாளே, அது ஞாபகம் வந்தது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. நீ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாய். உன்னை யாராவது அப்படி ஒதுக்கினால் நீயும் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவாயோ என்று பயந்துவிட்டேன்.

அதே வாரம் முப்பத்தொன்று என்று எழுதிய தட்டு அலச வந்தது. சாயம் ஓடியதும் ஆறு குழியும் பளிச்சென்று இருந்தன. ஒரு புள்ளி கிடையாது. ஊதாவும் கிடையாது. நான் கழுவுகிறவள், அக்கா. நாள் முழுக்கக் கறையோடு மல்லுக்கட்டுகிறவள். பளிச்சென்று ஒன்றைப் பார்த்தால் எனக்கு நல்லது என்றுதான் தோன்றும். நோட்டை எட்டிப் பார்த்தேன். புள்ளி என்ற கட்டத்தில் பூஜ்யம். அதற்கு அடுத்த கட்டத்திலும் ஒரு பூஜ்யம் இருந்தது. அதன் தலைப்பை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதியிருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. கண்ணாடி அண்ணன் இரண்டடி தூரத்தில்தான் இருந்தார். அண்ணே, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இதுகூடத் தெரியாதா என்பாரோ என்று வெட்கம். கேட்கவில்லை.

மறுநாள் முப்பத்தொன்றாம் சாற்றுப் பாட்டிலை வேண்டாதவை வைக்கும் கூடையில் போட்டிருந்தார்கள். ஜெயித்த சாற்றை ஏன் கூடையில் போடுகிறார்கள் என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். புதிதாகக் காய்ச்சப் போகிறார்கள் போலிருக்கிறது, அதனால்தான் பழையது வேண்டாம் என்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மிச்சத்தை எடுத்தேன். மேடம் உனக்காகக் கொடுத்தார் என்று எழுதினேனே, பொய். திருடினேன். கண் சொட்டு மருந்து தீர்ந்துபோன குப்பி ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கொதிநீரில் மூன்று தரம் அலசி, அதில் ஊற்றி உனக்கு அனுப்பினேன். எவ்வளவு சுத்தமாகக் கழுவியிருக்கிறேன் பார் என்று அதில் வேறு பெருமை. உதட்டுக்கு மட்டும், கண் பக்கம் கொண்டுபோகாதே என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. கண் குப்பியில் வந்ததைக் கண்ணில் விட்டது உன் தப்பு இல்லை.

எட்டு நாளில் உதடு ஆறிவிட்டது என்று நீ எழுதியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டில் கழுவிக்கொண்டே பாடினேன். கண்ணாடி அண்ணன் கதவைத் திறந்து, "உள்ள ரேடியோ வச்சிருக்கியா?" என்று கேட்டார். அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரம் உன் இடது கண் சிவந்து நீர் வடிய ஆரம்பித்ததும், உதட்டில் வந்த அதே வைரஸ்தான் கண்ணில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், நீ அவர் கொடுத்த மருந்தோடு என் குப்பியிலிருந்தும் விட்டிருக்கிறாய். அதை நீ எனக்கு எழுதவே இல்லை. போனிலும் வேன் கதையைத்தான் சொன்னாய். கண்ணில் கட்டோடு வண்டி ஓட்டக்கூடாது என்றதால் பக்கத்துத் தெரு டிரைவர் ஓட்டுகிறார், நீ பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து போகிறாய், ஒண்ணாவது படிக்கிற குட்டி ஒருத்தி "ஆண்ட்டி, உள்ள கண்ணு இருக்கா, திறந்து காட்டுங்க" என்கிறாள் என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் லாரியை எங்கேயோ ஓரம்கட்டிவிட்டுக் கூப்பிட்டார். "கண்ணு ஆறவே மாட்டேங்குது. என்னம்மா போட்டேன்னு டாக்டர் மூணு தடவை கேட்டுட்டாராம். இவ ஒண்ணும் போடலங்கிறா. என்கிட்டயும் அதையேதான் சொல்றா. புதன்கிழமைக்குள்ள ஆறலேன்னா வேற மருந்துக்கு மாத்தப் போறாராம். உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றார். நீ மறைப்பது என் குப்பியைத்தான் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. தெரியாது என்றேன். அத்தான் "சரிம்மா, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்தார். திருடியதைவிட, பொய் எழுதியதைவிட, அந்த ஒரு தெரியாதுதான் என்னை இப்போதும் உறுத்துகிறது.

நேற்று காலை மேடம் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் போய் நின்றேன். வந்தவர் என்ன என்று கேட்டார். அவர் கணினியைத் திறந்து, கடிதங்களைப் பார்த்து, யாருக்கோ போன் பேசி முடிக்கும் வரை நின்றேன். கடைசியில் "என்ன பாட்டில ஒடச்சிட்டியா? போ, போய் வேலையப் பாரு" என்றார். அப்போதுதான் சொன்னேன். முப்பத்தொன்று என்றேன், அக்கா என்றேன், கண் என்றேன். வேறெந்த வார்த்தையும் வரவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

"எத்தனை சொட்டு? எத்தனை நாளா? எதாவது கலந்தியா? அப்படியேவா?" என்று வரிசையாகக் கேட்டார். இடது கண் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கலக்கவில்லை என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பாட்டிலில் இருந்தது தட்டில் விடுவதற்கு முன்னால் நூறு மடங்கு நீர்க்க வைக்க வேண்டிய சாறாம். அதைக் கரைத்திருந்த திரவம் தோலுக்குள் எதையும் இழுத்துக்கொண்டு போகக்கூடியதாம்.

பிறகு நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார். அந்த இரண்டாவது கட்டம் செல் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை எழுதுகிற கட்டம். அதில்தான் பூஜ்யம். வைரஸ் செல்லைத் தின்னவில்லை, அக்கா. தின்ன செல்லே இல்லை. சாறே எல்லாவற்றையும் கொன்று, சாயத்தோடு கழுவிக்கொண்டு போய்விட்டது. "சட்டையே போடாதவன் என் சட்டைல ஓட்டை இல்லன்னு சொன்ன மாதிரி இருக்கு" என்றார் மேடம். கண்ணாடி அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கூடையைப் பூட்டி வைக்க வேண்டியது அவர் பொறுப்பாம். அவருக்கும் என்னால் தலைகுனிவு. என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். "நான் பாதிதான் சொல்லிருக்கேன் உனக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் உதடு ஆறியதே என்று மேடத்திடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "அது எதைப் போட்டாலும் பத்து நாள்ல ஆறும். ஒண்ணும் போடாட்டியும் ஆறும்" என்றார். பன்னிரண்டாம் சாறு என்று ஒன்று இருக்கிறது. அது செல்லைக் கொல்லாமல் புள்ளியைப் பாதியாகக் குறைக்கிறது. இரண்டு வருடமாக அதன் பின்னால்தான் எல்லாரும் அலைகிறார்கள். அதையே இன்னும் ஒரு எலிக்குக்கூட அவர்கள் கொடுக்கவில்லை. "தட்டுல ஜெயிக்கிறதெல்லாம் மனுஷ உடம்புல ஜெயிக்காதும்மா. அதுக்குத்தான் நாங்க இவ்வளவு மெதுவா போறோம்" என்றார். அவர்கள் அவ்வளவு மெதுவாகப் போகிற வழியில் நான் உன்னை ஒரே தாவலில் தள்ளிவிட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். அதை நீ உன் மாமியாரிடமும் அந்தப் பிள்ளையின் அம்மாவிடமும் சொல்லலாம். உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உடம்பில் இந்த வைரஸ் இருக்கிறதாம். பலருக்குச் சின்ன வயதிலேயே வீட்டு மனிதர்களிடமிருந்து வந்துவிடுமாம். கொப்புளம் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொண்டால் போதுமாம். நாம் இரண்டு பேரும் வெட்கப்பட வேண்டியது அதற்கு இல்லை. எனக்கு வெட்கப்பட வேறு இருக்கிறது.

இப்போது முக்கியமானது. உன் கண்ணில் இரண்டு புண் இருக்கலாம் என்கிறார் மேடம். வைரஸால் வந்தது ஒன்று, சாறு பொசுக்கியது ஒன்று. டாக்டருக்கு ஒன்றுதான் தெரியும். தன் மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று அவர் குழம்பிக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை மருந்தை மாற்றப் போகிறார். என்ன போட்டாய் என்று தெரியாமல் மாற்றினால், ஒரு புண்ணுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதலாகப் போகலாம். கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டால் அப்புறம் வாழ்நாள் முழுக்க மங்கல்தான் என்றார். ஒரு கண் மங்கினால் பிள்ளைகள் வேனை உன்னிடம் திரும்பக் கொடுப்பார்களா? ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் மூச்சு விடுகிற மாதிரி இருக்கு என்று சொன்னவள் நீ.

மேடம் தன் தாளில் முப்பத்தொன்றில் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு செறிவு என்று எல்லாம் எழுதியிருக்கிறார். அந்த டாக்டர் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடட்டும் என்று தன் எண்ணையும் கொடுத்திருக்கிறார். நேற்றே அவரிடம் பேசியிருப்பார். ஆஸ்பத்திரி பெயரை நீதான் அத்தானிடம்கூடச் சொல்லவில்லையாமே. எங்கே யாராவது அங்கே போய்ச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்காகத்தானே மறைத்தாய்?

நீ ஏன் ஒண்ணும் போடல என்கிறாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தையும் விட்டவள், இந்த ஒரு வேலையும் போனால் மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள் என்று நினைக்கிறாய். அக்கா, நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மேடத்திடம் சொன்னேன். நேற்று மத்தியானம் அத்தானிடம் சொன்னேன். அவர் "வியாழக்கிழமை வந்துடுவேன்" என்றார், அவ்வளவுதான். அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னோடு பேசவில்லை. இன்று காலை முதல் என்னைத் தொட்டிப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை இருக்குமா என்று மேலே உள்ளவர்கள் கூடி முடிவு செய்வார்களாம். இதை மேடத்தின் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நீ காப்பாற்றுவதற்கு இனி என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. நீ இனிமேல் மறைத்தால் கெடுவது உன் கண் மட்டும்தான்.

வண்டிக்காரர் இலை இறக்கி முடித்துவிட்டார். நாலு மணிக்குக் கிளம்புகிறார். விடிந்ததும் உன்னிடம் கொடுத்துவிடுவார். மன்னித்துவிடு என்று இதில் எழுத மாட்டேன். எழுதினால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அதோடு தாளையும் மடித்து அலமாரியில் வைத்துவிடுவாய். டாக்டரிடம் கொடுத்துவிட்டு, பிறகு என்னோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. உன் இரண்டு கண்ணும் நன்றாக இருக்க வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

உன் தங்கை

* * *

மதிப்புக்குரிய கண் டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முன்னால் இடது கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருப்பவர் என் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கண்ணில் என்ன போட்டாய் என்று நீங்கள் மூன்று முறை கேட்டதாகவும், அவர் ஒன்றும் போடவில்லை என்று சொன்னதாகவும் அறிந்தேன். அது உண்மை இல்லை. நான் அனுப்பிய ஒரு இலைச் சாற்றை அவர் கண்ணில் விட்டார். அது மருந்து இல்லை. ஆய்வுக்கூடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியது. தெரியாமல் எடுத்து அனுப்பியது நான். அதைப் பற்றிய விவரம் எங்கள் மேடம் எழுதிய தாளில் இருக்கிறது.

எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேளுங்கள். ஒன்றிரண்டு என்பார். நம்பாதீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள். எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று குறைத்துத்தான் சொல்லுவார். குப்பி மிச்சம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னார், அதையும் நான் நம்பவில்லை.

தயவுசெய்து அக்காவைத் திட்டாதீர்கள். அவர் உங்களிடம் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற. திட்ட வேண்டியிருந்தால் இந்தத் தாளின் பின்பக்கம் என் எண் இருக்கிறது. எனக்குப் போனில் பேச வராது. தெரியாதவர் யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். புதன்கிழமை ஐந்து மணியிலிருந்து போன் என் கையில்தான் இருக்கும். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். நீங்கள் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறவள்